சுகப்பிரசவமா, சிசேரியனா: குமரி மாவட்டத்தில் முதல் பேறுகாலத்துக்குத் தயாராகிறவர்களுக்கு

முதல் பிரசவத்தில் உங்களால் முன்கூட்டியே உறுதியாக முடிவு செய்ய முடிவது மருத்துவமனையைத்தான். சிசேரியன் வேண்டுமா என்பது சிலருக்கு எட்டாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு வலி வந்து பல மணி நேரம் போன பிறகே தெரியும். அந்த நேரத்தில் உங்கள் முன்னால் நீட்டப்படுவது ஒரு சம்மதப் படிவம் மட்டும்தான். யோசிக்க அவகாசம் இருக்காது. யோசிக்க வேண்டியதையெல்லாம் ஏழாம் மாதத்திலிருந்தே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 21.5 தான். மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. நம் ஊர்ப் பெண்களின் இடுப்பெலும்பு ஒன்றும் வேறு மாதிரி செய்யப்பட்டதில்லை. மருத்துவக் காரணத்தோடு பயம், வசதி, கட்டணம், நல்ல நாள் எல்லாம் இந்த எண்ணில் கலந்திருக்கின்றன. அதற்காக சிசேரியன் என்று சொன்னாலே பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று முறைத்துக்கொண்டு நிற்பதும் ஆபத்து. தேவையான நேரத்தில் தாமதித்தால் போவது உயிர்.

ஏழாம் மாதம்: அட்டையும் ஆஸ்பத்திரியும்

ஏழாம் மாதச் சடங்கு முடிந்து அம்மா வீட்டுக்கு வரும்போது பெரும்பாலும் மருத்துவமனையும் மாறுகிறது. சிக்கல் தொடங்கும் இடம் இது. பழைய டாக்டரிடம் இருந்த விவரம் புது டாக்டருக்குத் தெரியாது. தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது தந்த எண்), எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே ஃபைலில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் அதுதான் அடிப்படை.

அந்த ஃபைலில் மிக முக்கியமான தாள், 11 முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன். பிரசவத் தேதியை அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும். எட்டாம் ஒன்பதாம் மாத ஸ்கேன் காட்டும் தேதி இரண்டு மூன்று வாரம்கூட முன்பின் ஆகலாம். அந்தத் தேதியை நம்பி அறுவைக்கு நாள் குறித்தால், 39 வாரம் என்று நினைத்து 36 வாரக் குழந்தையை வெளியே எடுத்துவிட நேரும்.

ரத்தத்தில் எச்பி (ஹீமோகுளோபின்) 11-க்குக் கீழே இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். சுகப்பிரசவத்தில் 500 மில்லி வரையும் சிசேரியனில் ஒரு லிட்டர் வரையும் ரத்தம் போவது உண்டு. எச்பி 8-இல் இருப்பவருக்கு இரண்டுமே ஆபத்துதான். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாமல், அயர்ன் சுக்ரோஸ் ஊசி போடலாமா என்று கேளுங்கள். ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். மருத்துவமனையில் அது இருப்பு இருக்கிறதா என்று முன்னாலேயே உறுதி செய்யுங்கள்.

அடுத்தது மருத்துவமனை. சுகப்பிரசவம் வேண்டும் என்பவர்கள்தான் அறுவை வசதியை அதிகம் விசாரிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாதாரணப் பிரசவம் நன்றாகவே பார்ப்பார்கள். சிக்கல் வந்தால் மேலே அனுப்புவார்கள். அரசுத் தரப்பில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தக்கலையிலுள்ள பத்மநாபபுரம் அரசு மருத்துவமனையும் பெரியவை. உங்கள் பகுதியிலிருந்து எங்கே அனுப்புவார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்கள்.

தனியார் என்றால் கேட்க வேண்டியவை வேறு. மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருப்பாரா, கூப்பிட்டால் வெளியிலிருந்து வருபவரா? பல சின்ன மருத்துவமனைகளில் வெளியிலிருந்து வருபவர்தான். ராத்திரி 2 மணிக்கு அவர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். அவசரம் என்று முடிவெடுத்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்க முடியுமா? குழந்தை டாக்டர் பிரசவ நேரத்தில் நிற்பாரா? ரத்தம் அங்கேயே இருக்கிறதா, நாகர்கோவிலுக்கு ஆள் ஓட வேண்டுமா? கட்டணம் சொல்லும்போது அதில் தியேட்டர், மயக்க மருந்து, குழந்தை டாக்டர், மருந்து எல்லாம் அடங்குமா என்றும் எழுதி வாங்குங்கள். குழந்தையை இன்குபேட்டரில் வைக்க நேர்ந்தால் நாள் கணக்கில் ஏறும் தொகை பெரும்பாலும் எந்தப் பேக்கேஜிலும் வராது. இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடமென்றால் வேறு இடம் பாருங்கள், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

வீடு இருக்கும் இடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கத்தவர்களுக்கு ஆசாரிப்பள்ளத்தைவிடத் திருவனந்தபுரம் கிட்டமாக இருக்கலாம், அங்குள்ள எஸ்.ஏ.டி அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நிறைய. அங்கே பிறந்தால் பிறப்புச் சான்றிதழ் கேரளத்தில்தான் கிடைக்கும், உதவித் தொகை விஷயத்தையும் முன்னாலேயே உங்கள் ஊர்ச் செவிலியரிடம் பேசிக்கொள்ள வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், மழைக்காலமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், 37 வாரம் முடிந்ததும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் வந்து தங்கிவிடுவது நல்லது. வலி வந்த பிறகு 108-க்குக் காத்திருப்பதை நம்பி இருக்க வேண்டாம்.

கணவர் ஆழ்கடல் தொழிலுக்குப் போயிருந்தாலோ வளைகுடாவில் இருந்தாலோ இன்னொரு ஏற்பாடு வேண்டும். சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் கையெழுத்தே அவருடைய அறுவைக்குப் போதும். ஆனால் நடைமுறையில் மருத்துவமனைகள் கணவரையோ பெற்றோரையோ தேடும். யார் கூட இருப்பார், ரத்தம் தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவது என்று பெயரும் நம்பரும் எழுதி ஃபைலின் முன்பக்கம் ஒட்டி வையுங்கள்.

36-ஆம் வாரம்: கட்டாயம் எது, யோசிக்கலாம் எது

இந்த வாரத்தில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: தலை கீழே இருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, குழந்தையின் வளர்ச்சி எப்படி.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால் விவாதமே இல்லை, சிசேரியன்தான். வலி வந்து வாய் திறந்தால் ரத்தப்போக்கில் தாயும் பிள்ளையும் போய்விடும். வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் பெரும்பாலும் அறுவையே. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று சொன்னதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். கருப்பை வளர வளரப் பெரும்பாலோருக்கு அது மேலே ஏறிவிடும். 32-லும் 36-லும் மறுபடி பார்க்க வேண்டும். குழந்தை குறுக்கே கிடந்து திரும்பாமலே இருப்பது, கருப்பையின் மேல்பகுதியில் ஏற்கெனவே நெடுக்கு வெட்டு இருப்பது, தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் வெளியே வந்துவிடுவது ஆகியவற்றிலும் கேள்வி கேட்டு நேரம் போக்கக் கூடாது.

தலை மேலே, இருக்கை கீழே என்றால் முதல் பிரசவத்தில் சிசேரியன் குழந்தைக்குப் பாதுகாப்பு. ஆனால் 36 வாரத்தில் டாக்டரே வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு; மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும், முதல் பிரசவத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஸ்கேன் பார்த்துக்கொண்டு, இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டு, தியேட்டர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது அது. வீட்டில் எண்ணெய் தடவித் திருப்பப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். நஞ்சுக்கொடி பிய்ந்துவிடலாம்.

இரட்டைக் குழந்தைகளில் முதல் பிள்ளைக்குத் தலை கீழே இருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம், அனுபவமுள்ள டாக்டர் இருக்கும் இடத்தில்.

இனி, காரணமாகச் சொல்லப்படுபவற்றில் இன்னொரு கேள்வி கேட்க வேண்டியவை. "கழுத்தில் கொடி சுத்தியிருக்கு" என்பதுதான் அதிகம் கேட்பது. மூன்று நான்கு குழந்தைகளில் ஒன்றுக்குத் தொப்புள்கொடி சுற்றித்தான் இருக்கும். தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடுவார்கள். துடிப்பு குறையாதவரை அது அறுவைக்குக் காரணம் ஆகாது. "தண்ணி குறைஞ்சு போச்சு" என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்கேனில் பனிக்குட நீரைக் காட்டும் ஏ.எஃப்.ஐ அளவு 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால்தான் குறைவு; மாதம் நிறைந்திருந்தால் அப்போதும் மருந்து வைத்து வலி வரவழைத்துப் பார்க்கலாம். "பிள்ளை பெருசு" என்றால், ஸ்கேன் எடைக்கும் உண்மை எடைக்கும் நூற்றுக்கு 10 முதல் 15 வரை வித்தியாசம் வரும் என்பதை நினைவில் வையுங்கள், 3.6 கிலோ என்று காட்டிய பிள்ளை 3.2 கிலோவாகப் பிறப்பது சாதாரணம். தாய்க்குச் சர்க்கரை இருந்து மதிப்பீடு நாலரை கிலோ என்றால் அது வேறு கதை. "இடுப்பு சின்னது", "குள்ளமா இருக்கீங்க" என்பதை வலி வருவதற்கு முன்னால் பெரும்பாலும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தைராய்டு, கிட்டப்பார்வை, வயது 35, சிகிச்சையில் உண்டான கர்ப்பம் எதுவும் தனியாக நின்றால் காரணம் இல்லை.

கேட்கும் விதமும் முக்கியம். "டாக்டரே, காரணம் என்ன? இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் என்ன ஆகும்? வலி வரவழைத்துப் பார்க்க முடியாதா?" இந்த மூன்று போதும். நேர்மையான டாக்டர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்.

வலியே வேண்டாம், சிசேரியன் பண்ணிவிடுங்கள் என்று தாங்களே கேட்பவர்கள்

கேட்பது தவறில்லை. பயத்தைக் கேலி செய்யும் உறவினர்கள் யாரும் பிரசவ அறையில் படுக்கப் போவதில்லை. ஆனால் எதற்குப் பதில் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். திட்டமிட்ட சிசேரியனில் பிறப்புறுப்புக் கிழிசல் இல்லை, பின்னாளில் இருமும்போது சிறுநீர் கசியும் தொல்லையும் ஓரளவு குறைவு, நேரம் கையில் இருக்கும். பதிலுக்கு, வயிற்றில் ஏழு அடுக்கு வெட்டி மூடிய புண், தொற்றுக்கும் காலில் ரத்தம் உறைவதற்கும் கூடுதல் வாய்ப்பு, ஆறு வாரம் ஓய்வு. எல்லாவற்றையும்விடப் பெரியது அடுத்த கர்ப்பம். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டி, உள்ளே வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். அப்போது கருப்பையையே எடுக்க நேரலாம். ஒரே பிள்ளை போதும் என்பவருக்கும் மூன்று வேண்டும் என்பவருக்கும் விடை ஒன்றல்ல.

வலிதான் பயம் என்றால் எபிடூரல் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து செலுத்துவது. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளும், ஆனால் அதனால் சிசேரியன் கூடுவதில்லை.

நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு ஒன்று: பார்ப்பதானால் 39 வாரம் முடிந்த பிறகுள்ள நாட்களுக்குள் பாருங்கள். அதற்கு முன் வலியே வராமல் வெட்டி எடுத்த குழந்தைக்கு நுரையீரலில் உள்ள நீர் வற்றாமல் மூச்சுத்திணறல் வருவது அதிகம். ஜோசியர் குறித்த முகூர்த்தத்தில் பிறந்து மூன்று நாள் இன்குபேட்டரில் கிடப்பதில் என்ன யோகம்?

வலி வந்த அன்று

சூட்டுவலி வந்து வந்து போகும். நடந்தாலோ படுத்தாலோ அடங்கும். உண்மையான வலி நேரம் ஆக ஆக நெருங்கும், வலுக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். தூரத்தில் இருப்பவர்கள் பத்து நிமிட இடைவெளியிலேயே கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

முதல் பிரசவத்தில் அவசரப்பட்டு உள்ளே போவதால் வரும் கேடு ஒன்றிருக்கிறது. கருப்பை வாய் 2 சென்டிமீட்டர் மட்டும் திறந்திருக்கும்போது படுக்கையில் படுத்துவிட்டால், பத்து மணி நேரம் கழித்தும் "இன்னும் மூணுதான்" என்பார்கள். வீட்டார் பதறுவார்கள். "எதுக்கு மக்ளே வலிக்க விடணும், கீறி எடுக்கச் சொல்லு" என்று வெளியே குரல் எழும்பும். பிரசவம் நின்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டிய கட்டமே அது இல்லை. 5 சென்டிமீட்டர் வரை முதல் கட்டம் மெதுவாகத்தான் போகும். அதற்கு நேரக் கணக்கு கிடையாது. தாயும் சேயும் நலமாக இருந்தால் நடக்கலாம், கஞ்சியோ இளநீரோ டாக்டரைக் கேட்டுக் குடிக்கலாம், இடதுபக்கம் சாய்ந்து படுக்கலாம். 6 சென்டிமீட்டரைத் தாண்டி, பனிக்குடமும் உடைந்து, நல்ல வலி இருந்தும் நான்கு மணி நேரம் துளியும் திறக்கவில்லை என்றால்தான் நின்றுவிட்டது என்று பொருள். முழுதும் திறந்த பிறகு முதல் பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை முக்கலாம்.

வலி வரவழைக்கும் மருந்துக்கும் இது பொருந்தும். ஜெல் வைத்தோ மாத்திரை கொடுத்தோ தொடங்கினால் ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். வாய் இறுகி மூடியிருக்கும்போது, காரணமும் இல்லாமல், 38 வாரத்தில் தொடங்கினால் தோற்றுப்போய் அறுவையில் முடிவது அதிகம். ஆகவே காரணத்தைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். 41 வாரம் தாண்டியும் வலி வரவில்லை என்றால் மறுக்காதீர்கள். நாள் போகப் போகக் குழந்தைக்கு ஆபத்து.

நடுவில் முடிவு மாறலாம். குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். ஒவ்வொரு வலிக்குப் பிறகும் விழுந்து, மீள நேரம் எடுத்தால் டாக்டர் சிசேரியன் என்பார். அப்போது "மாமாவுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டுட்டு" என்று இழுக்கக் கூடாது. குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் துடிப்பு எப்படி என்று கேளுங்கள். கெட்டியான பச்சை நிற நீரும் துடிப்புக் குறைவும் சேர்ந்தால் தாமதம் கூடாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் உடனிருக்க ஒரு பெண்ணை அனுமதிப்பார்கள். பதறாத ஒருவரை அனுப்புங்கள். அது பெற்ற தாயாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

தியேட்டருக்குப் போனால்

திட்டமிட்ட அறுவை என்றால் ஆறு மணி நேரம் முன்பு வரை சாப்பிடலாம், இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். முதுகில் ஊசி போட்ட சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். அழுத்துவதும் இழுப்பதும் தெரியும், வலிக்காது. ரத்த அழுத்தம் சட்டென இறங்கிக் குமட்டல் வரலாம், உடனே சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்துவிடும், தையல் போட்டு முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். முதுகில் போட்ட ஊசியால் வாழ்நாள் முழுக்க இடுப்புவலி என்பது ஊர்ப்பேச்சு; கர்ப்பமும் பிள்ளை தூக்கும் முறையும்தான் அதற்குப் பொறுப்பு. உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் குறையும் தலைவலி இரண்டொரு நாளில் வந்தால் மட்டும் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கருத்தடை அறுவையோ காப்பர்-டியோ அப்போதே செய்துகொள்வதானால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றாலும் சொல்லிவிட வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் வைக்கக் கூடாது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டுக்குப் போகும்முன் படித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சிசேரியனுக்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்கலாம், 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்கும் என்று தம்ளர் கணக்கில் அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. மலச்சிக்கலும் பால் குறைவும்தான் மிச்சம். மீனும் விலக்கு இல்லை. பால்சுறாப் புட்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைச் செம்பில் மொண்டு அடிவயிற்றில் வீசி ஊற்றும் குளிப்பாட்டல், சிசேரியன் ஆனவருக்குக் கூடாது. தையல் பிரிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரண வெதுவெதுப்பான நீர், சோப்பு, பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து ஈரமில்லாமல் வைப்பது, அவ்வளவுதான். ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். குடம் எடுப்பதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். சுகப்பிரசவத்தில் தையல் போட்டிருந்தால் தினம் கழுவிச் சுத்தமாக வைத்தால் போதும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, தையலில் சீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறுவது ஆகிய எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த பிள்ளைக்காக இன்றே வாங்க வேண்டிய தாள்

டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் சிசேரியன் என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன காரணத்துக்காக, எத்தனை சென்டிமீட்டர் திறந்திருந்தபோது, கருப்பையில் எந்த இடத்தில் எந்தத் திசையில் வெட்டு என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வயிற்றுத்தோலின் தழும்பைப் பார்த்து உள்ளே போட்ட வெட்டைச் சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்றால், அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பேருக்கு அது கைகூடுகிறது. தழும்பு வலியின்போது பிரியும் ஆபத்து ஏறக்குறைய 200-இல் ஒருவருக்கு. அதனால் அந்த முயற்சியை 24 மணி நேரமும் தியேட்டரும் ரத்தமும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மயக்க மருந்து டாக்டரை வெளியிலிருந்து கூப்பிடும் இடத்திலோ வேண்டாம். இரு பிரசவங்களுக்கும் நடுவில் குறைந்தது 18 மாதமாவது இருக்கட்டும். அந்தத் தாள் இல்லாமல் போனால் உள்ளே எந்த வெட்டு என்று தெரியாத டாக்டர் பெரும்பாலும் மறுபடி சிசேரியனே பாதுகாப்பு என்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.